நம் ஊர்க் குற்றக் கதைக்கு மொழி எங்கே இருக்கிறது?

மர்மக்கதைக்காரர் | சனி, இரவு 9.10

மாத நாவல்களுக்குக் குற்றக் கதை எழுதுகிறவன் நான். இதே தொழிலில் இருப்பவர்களும் இவற்றை விரும்பிப் படிப்பவர்களும் இங்கே இருப்பதால் நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். நம் கதைகளில் கொலை செய்தவர், துப்பறிகிறவர், சடலத்தை முதலில் பார்த்த கீரைக்கார அம்மா, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எல்லோரும் ஏன் ஒரே குரலில் பேசுகிறார்கள்? மழை பெய்கிறது, மின்சாரம் போகிறது, மலைப்பிரதேசத்துப் பங்களாவில் அலறல் கேட்கிறது. நம் ஊரில் நடக்கும் குற்றங்களுக்கு இப்படியொரு பங்களா தேவைப்பட்டதே இல்லை.

குற்றக் கதை எழுத விரும்புகிறவர் பிறர் எழுதிய குற்றக் கதைகளைக் குறைத்துக்கொண்டு தீர்ப்புகளையும் சாட்சியங்களையும் மகஜர்களையும் (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் பற்றிச் சாட்சிகள் முன் காவல்துறை எழுதும் பதிவுகள்) படிக்க வேண்டும் என்பது என் வாதம். கதையும் அதற்கான பேச்சும் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன.

ஆளவந்தார் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 ஆகஸ்ட் மாத இறுதி. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். தலை சென்னையில், ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எழுதியும்விட்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு. ஆளவந்தார் சீனா பஜாரில் பெயர்பெற்ற ஒரு பேனாக் கடையின் முன்பகுதியில் வியாபாரம் செய்தவர். சேலைகளைத் தவணைக்கு விற்றவர். தவணை வசூலிப்பவருக்கு எந்த வீட்டு வாசலிலும் நிற்க ஒரு காரணம் இருக்கிறது. யார் வீட்டில் எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் வரவில்லை என்றால் கடன்பட்ட வீட்டார் தேட மாட்டார்கள். அந்தக் காலத்துச் சென்னையின் பாதிக் கதை அந்தத் தவணை நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாம் டிரங்குப் பெட்டியையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் தாமே கதைகளும் நாடகங்களும் எழுதியவர். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டுகள், அவர் மனைவி தேவகிக்கு 3 ஆண்டுகள் என்று தண்டனை கொடுத்தார். கொலை வழக்கில் இது குறைவு என்று அன்றே பேசப்பட்டது. கொல்லப்பட்டவரின் நடத்தையை ஒரு நீதிமன்றம் எப்படி எடைபோடுகிறது, அதை எந்தச் சொற்களில் சொல்கிறது என்பதெல்லாம் ஒரு நாவலாசிரியர் உட்கார்ந்து கற்க வேண்டிய பாடம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் பகுதியில் நடந்த, விசித்திரமான, ஆனால் முழுக்க முழுக்க நம் மண்ணுக்கே உரிய குற்றங்களையும் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற ரைட்டர் | சனி, இரவு 10.25

ஐயா, வணக்கம். நீங்கள் நாவல் எழுதுகிறவர், நான் காவல் நிலையத்தில் புகார் எழுதியவன். நிலைய எழுத்தராக நெடுங்காலம் இருந்தேன். எங்களையும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நாங்கள் எழுதி வைத்ததில் மக்கள் பேசிய பேச்சு அப்படியே இருக்கும் என்று எண்ணி வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு அம்மா வந்து, "பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பிறகு, பெரியவன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் சங்கிலி காணாமல் போயிற்று" என்பார். நான் "காலை சுமார் 6.30 மணியளவில்" என்று எழுதுவேன். அவர் "எங்கள் பாட்டி போட்டிருந்த சங்கிலி, கொக்கி தேய்ந்துபோய் நூல் சுற்றி வைத்திருந்தேன்" என்பார். "சுமார் 3 பவுன் எடையுள்ள, கொக்கி தேய்ந்து நூல் சுற்றிய பழைய தங்கச் சங்கிலி 1" என்று எழுதுவேன். தேய்ந்த கொக்கியையும் நூலையும் நான் ஒருபோதும் விட்டதில்லை, ஏனென்றால் பொருளை மீட்டால் அடையாளம் காட்ட உதவும். பாட்டியை விட்டுவிடுவேன்.

ஏன் இப்படி? புகார் கொடுத்தவருக்கு அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் உடனே நீதிமன்றத்துக்குப் போகிறது. இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில், "புகாரில் பால்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களே, அவர் ஏன் சாட்சியாகச் சேர்க்கப்படவில்லை?" என்று கேட்பார்கள். அந்த அம்மா கூண்டில் நின்று விழிப்பார். அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்த வறண்ட மொழி. அந்த வறட்சிக்குப் பின்னால் இருக்கும் அக்கறையையும் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.


கீழமை நீதிமன்ற வழக்கறிஞர் | சனி, இரவு 11.02

ரைட்டர் ஐயா சொன்னது புகாருக்குப் பொருந்தும். ஒப்புதல் வாக்குமூலத்துக்கு வந்தால் நிலைமையே வேறு. நான் படித்த வாக்குமூலங்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. "நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்" என்று தொடங்கும். குடும்ப வறுமை ஒரு வரி, கூடா நட்பு ஒரு வரி. முடிவில் தவறாமல், "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்." ஓமலூரில் பிடிபட்டவரும் ஒரத்தநாட்டில் பிடிபட்டவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அது. ஆனால் அந்த ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும் என்றது 27-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இரண்டும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆவது பிரிவுக்குள் வந்துவிட்டன. ஆகவே நான்கு பக்க வாக்குமூலத்தில் நீதிமன்றத்தின் கண்ணுக்குப் படுவது கடைசி இரண்டு வரிகள்தான். அந்த இரண்டு வரிகளையும் யார் சொன்னார், யார் எழுதினார் என்பதே பல வழக்குகளின் உயிர்நாடி.

எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் கதைகளின் இறுதி அத்தியாயத்தில் குற்றவாளி ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார், கதை முடிந்துவிடுகிறது. அங்கே வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை.


தமிழாசிரியை | ஞாயிறு, காலை 6.40

பள்ளியில் சிலப்பதிகாரம் நடத்துகிறவள் நான். வழக்குரை காதையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முத்தா மாணிக்கமா என்று பரலை வைத்து உண்மை நிறுவப்படும் இடம் அது. நான் அதற்கு முந்தைய கொலைக்களக் காதையைப் படிக்கச் சொல்வேன். குற்றக் கதை எழுதுகிறவர்களுக்கு அங்கே பெரிய விருந்து இருக்கிறது.

காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அந்தத் தயக்கத்தைக் கரைக்கப் பொற்கொல்லன் என்ன செய்கிறான்? திருட்டுக் கலையைப் பற்றி விரிவுரை ஆற்றுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையான எட்டையும் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறான். கள்வர் மருந்தைக் காட்டினால் நீங்கள் மயங்குவீர்கள், மந்திரம் சொன்னால் கண்ணுக்கே தெரியாமல் மறைவார்கள் என்கிறான். கோவலன் மீது ஒரு சான்றுகூட அவன் வைக்கவில்லை. துறை அறிந்தவனைப் போலப் பேசுகிறான், அவ்வளவே. எதிரே நிற்கும் மனிதன் அப்பாவியாகத் தெரிவதே அவன் தேர்ந்த கள்வன் என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது. பிறகு கல்லாக் களிமகன் ஒருவன், குடிவெறியில் இருந்த காவலன், வாளை வீசுகிறான்.

பேச்சே கொலைக்கருவியாக இருந்த காட்சி இது. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். வழக்கறிஞர் சொன்ன அந்த வார்ப்பு வாக்குமூலத்தைப் படித்ததும் பொற்கொல்லனின் விரிவுரைதான் நினைவுக்கு வந்தது.


குடவாசல்காரன் | ஞாயிறு, காலை 8.15

எங்கள் பக்கத்துக் குற்றம் என்றால் சிலைதான். 1976-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது மண்வெட்டி உலோகத்தில் பட்டது. நடராசர் சிலை. அவர் சிறு தொகைக்குக் கொடுத்தார், அது கை மாறிக் கை மாறி 1982-இல் லண்டனில் ஒரு கனடா நாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பழுது பார்க்க அனுப்பிய இடத்தில் லண்டன் காவல்துறை கைப்பற்றியது.

வழக்கின் கேள்வி எளிமையாக இருந்தது: லண்டனில் இருக்கும் நடராசரும் பத்தூரில் தோண்டி எடுத்த நடராசரும் ஒன்றா? பதில் சொல்ல ஒரு பெரும் படையே தேவைப்பட்டது. அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்ற செப்புத் திருமேனிகளோடு ஒப்பிட்டார்கள். சிலையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்கள். கரையான் ஊர்ந்த தடம்கூடப் பேசப்பட்டது. நம் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அங்கே போய்ச் சாட்சியம் சொன்னார். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலுக்கே வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று ஏற்றது. இடிந்து கிடந்த ஒரு சோழர் காலத்துக் கோயில் லண்டனில் வாதியாக நின்று தன் பொருளைத் திரும்பப் பெற்றது.

இதைவிடப் பெரிய துப்பறியும் கதை எது? இதில் எனக்கு நெஞ்சில் நிற்பவர் அந்தத் தொழிலாளி. அவர் பேசியதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். எந்த இடம், எவ்வளவு ஆழம், அப்போது என்ன ஒட்டியிருந்தது. மண் வெட்டுகிறவருக்கு மண்ணைப் பற்றிப் பேசத் தெரியும். பொன் பொருளுக்கு ஆசைப்பட்டுத் திருடும் அசட்டு ஆளாகவே இப்படிப்பட்டவரை நம் கதைகள் காட்டுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை.


பம்பலப்பிட்டி வாசகி | ஞாயிறு, முற்பகல் 11.30

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். ஆளவந்தார் வழக்கைப் பற்றிப் பேசும்போது எங்களுடைய சதாசிவம் வழக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய மகாதேவ சதாசிவம், தன் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். மரணம் நிகழ்ந்தது 1951 ஒக்ரோபர் 9 அன்று. சடலம் பம்பலப்பிட்டி வீட்டின் கராஜில் கிடந்தது. வீட்டு வேலைக்காரர் வில்லியம் நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார். சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா எதிரியான சதாசிவத்துக்காக வாதாடினார்.

எல்லாம் ஒரு மணிநேரக் கணக்கில் தொங்கியது. காலையில் சதாசிவம் வீட்டை விட்டுப் போனபோது மனைவி உயிரோடு இருந்தாரா இல்லையா? பேராசிரியர் டி சேரம், வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் குளிர்ந்த வேகத்தை அளந்தவர். அந்த அளவுகளை வைத்து மரண நேரத்தைச் சொன்னார். எதிரித் தரப்புக்காக எடின்பரோவிலிருந்து சர் சிட்னி ஸ்மித் வந்தார். 1953-இல் ஜூரிகள் சதாசிவம் குற்றவாளியல்ல என்றார்கள்.

வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. வில்லியம் ஒரு சிங்களக் கிராமத்து இளைஞர். சமையலறை, தேங்காய், அடுப்பு என்று அவருக்குத் தெரிந்த உலகத்தின் வழியாகத்தான் அந்தக் காலைப் பொழுதை அவரால் விவரிக்க முடிந்தது. அந்த விவரங்களைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் பெரிய மனிதர்கள் இரண்டு தரப்பிலும் வாதாடினார்கள். அந்த வீட்டின் பிள்ளைகள் இதையெல்லாம் சுமந்து வளர்ந்திருப்பார்கள் என்பதையும் எழுதுகிறவர்கள் மறக்கக்கூடாது. கொலையை ருசித்துப் பேசும் எழுத்து எனக்கு வேண்டாம்.


ரயில் விரும்பி | ஞாயிறு, மதியம் 2.05

சேலம் ரயில் கொள்ளையை யாரும் சொல்லவில்லையே! 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து எழும்பூருக்குக் கிளம்பிய விரைவு ரயில். வங்கிகள் ரிசர்வ் வங்கிக்குத் திருப்பி அனுப்பிய பழைய, கிழிந்த நோட்டுகள் 342 கோடி ரூபாய்க்கு அதில் போயின. எழும்பூரில் திறந்தால் பெட்டியின் கூரையில் ஒரு ஓட்டை, சுமார் 5.78 கோடி ரூபாய் இல்லை. ஓடும் ரயிலில் இது எங்கே நடந்திருக்கும்?

ரயிலை நேசிப்பவர்களுக்கு அன்று காலையே ஒரு யோசனை வந்துவிட்டது. அப்போது சேலம் - விருத்தாசலம் பாதை மின்மயமாகவில்லை, டீசல் எஞ்சின்தான். விருத்தாசலத்தில் மின்சார எஞ்சின் மாட்டுவார்கள். அதற்குப் பிறகு தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது, கூரையில் ஒருவராலும் நிற்க முடியாது. ஆகவே விருத்தாசலத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். 2018-இல் சிபிசிஐடி மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பலைக் கைது செய்தபோது, சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே நடந்தது என்றுதான் வெளிவந்தது.

இதில் இன்னொரு திருப்பம் எந்தக் கதாசிரியருக்கும் தோன்றியிருக்காது. திருடிய மூன்றே மாதத்தில், நவம்பர் 8 அன்று, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. எஞ்சின் மாற்றும் நிலையம், கால அட்டவணை, ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் ரயிலுக்காக நிற்கும் நேரம் இவை தெரிந்தவர்தான் இந்தக் கதையை எழுத முடியும். ரயில்வே ஊழியர்களின் பேச்சில் அத்தனையும் இருக்கிறது.


மர்மக்கதைக்காரர் | ஞாயிறு, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று நான் எண்ணவில்லை.

ரைட்டர் ஐயா, பால்காரரை நீங்கள் 6.30 மணியாக மாற்றிய கதை என்னை நாள் முழுக்க யோசிக்க வைத்தது. தாளில் இருப்பது 6.30 மணி. அந்த அம்மாவின் மனத்தில் இருப்பது பால்காரர். இரண்டுக்கும் நடுவே பால் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகும்? ஒரு நிரபராதி அந்தத் தாமதத்துக்குள் மாட்டிக்கொள்ளலாம், ஒரு குற்றவாளி தப்பிக்கவும் செய்யலாம். பங்களாவும் அலறலும் இல்லாமலேயே ஒரு முழு நாவல் அங்கே இருக்கிறது. தீர்ப்பைப் படியுங்கள் என்று நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: தாளைப் படிக்கிறவர் அதில் விடுபட்ட பாட்டியையும் தேட வேண்டும்.

ஆசிரியை அம்மா சொன்ன பொற்கொல்லனை இன்றைய இரிடியம் மோசடியில் நான் பார்க்கிறேன். கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் தருவார்கள் என்று பேசுகிறார்கள். அரிசியில் இரும்புத் துகளை ஏற்றிவைத்து, காந்தத்தை மறைத்து வைத்து, இழுத்தும் காட்டுகிறார்கள். ஏமாந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. பாதுகாப்பு உடை, சோதனைக் கட்டணம், மத்திய அரசு அனுமதி என்று அங்கே ஒரு தனிச் சொற்களஞ்சியமே ஓடுகிறது. ஏமாந்தவர் பேராசைக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்தப் பேச்சு அவரை எப்படிப் படிப்படியாக உள்ளே இழுத்தது என்பதை வாசகருக்கும் நேருமாறு எழுதிக் காட்ட வேண்டும், அதற்குக் காது வேண்டும்.

கொழும்புச் சகோதரி சொன்னதற்கு நான் முழுமனத்தோடு உடன்படுகிறேன். விசித்திரம் என்ற சொல்லை நான் முதல் பதிவில் பயன்படுத்தினேன், கேளிக்கை என்ற பொருளில் அல்ல. ஆடு திருட்டு என்றால் பலர் சிரிப்பார்கள். 2021 நவம்பரில் நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் ஆடு திருடர்களை இரவில் தனியாகப் பைக்கில் துரத்திப் போய்க் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆடு வளர்ப்பவருக்கு ஓர் ஆடு என்பது பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, திருவிழா. இதை அறிந்தவர் அந்தத் துரத்தலின் அர்த்தத்தை அறிவார்.


புதிதாக எழுதுகிறவள் | ஞாயிறு, இரவு 9.30

அண்ணா, இதெல்லாம் எங்கே படிக்கக் கிடைக்கும்? நான் சிறிய ஊரில் இருக்கிறேன். காவல் நிலையத்துக்குள் போய்க் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.


கீழமை நீதிமன்ற வழக்கறிஞர் | ஞாயிறு, இரவு 9.52

தங்கையே, நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் பார்க்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் வெளியாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த நீதிமன்றங்கள். உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். சாட்சி விசாரணை நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். சாட்சி தமிழில் சொல்வதையும், அதை நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடிப்பதையும் ஒருசேரக் கேட்கலாம்.


ஓய்வுபெற்ற ரைட்டர் | ஞாயிறு, இரவு 10.10

மகளே, அங்கே போனால் நீதிமன்றக் காவலர் ஒருவர் கோப்புகளோடு நின்றிருப்பார். அவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு, இன்று எந்த வழக்கில் சாட்சி வருகிறது என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். நகைத் திருட்டு வழக்காக இருந்தால் தவறவிடாதீர்கள். பொருளை அடையாளம் காட்டச் சொல்லும்போது, புகாரில் நாங்கள் விட்டுவிட்டதையெல்லாம் அந்த வீட்டுப் பெண்கள் கூண்டில் நின்று சொல்வார்கள். நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.